நாலு மணித் தண்ணீர்

செந்திலுக்கு,

குமரேசனின் கை போனது நீ உதைத்த பந்தால் அல்ல. அன்று நாலு மணிக்கு வாய்க்காலில் தண்ணீர் கூடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. அவனைக் குதிக்கச் சொன்னவனும் நான்தான். அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு, கரையில் அழுதுகொண்டு நின்ற உன்னை ஊரார் முன்னால் கன்னத்தில் அறைந்தேன். "கண்ணு மண்ணு தெரியாம உதைச்சிட்டு நிக்கறான் பாரு" என்று சொன்னேன். அப்போது உனக்குப் பதினோரு வயது. என் பழியை அந்த ஒரு அறையில் உன்மேல் இறக்கி வைத்துவிட்டுப் பத்தொன்பது வருடமாக நான் நிமிர்ந்து நடந்துகொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஓசூரிலிருந்து, கல்யாணப் பத்திரிகை வைக்க வேண்டியவர்களின் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பினாய். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு உன்னைக் கூப்பிட்டேன். "குமரேசன் பேரு இல்லியே, விட்டுப்போச்சா?" என்றேன். "விட்டுப்போவலப்பா. வேணாம்" என்றாய். ஒன்றாக விளையாடிய பையன் ஆயிற்றே என்று இழுத்தேன். "அதனாலதான் வேணாம்னு சொல்றேன். அவன் மேடைக்கி வந்து ஒத்தக் கையால என் தோளப் புடிச்சிகினு போட்டோவுக்கு நிப்பான். நான் சிரிக்கணுமா? அந்தப் பந்த உதைச்சது நான்தானேப்பா." உன் குரல் அப்போது பதினோரு வயதுக் குரலாக இருந்தது. நான் "சரி, போன வை" என்று சொல்லிவிட்டேன். இப்போதும் ஒரு வாய்ப்பு வந்தது, இப்போதும் சொல்லவில்லை.

நீ பொங்கலுக்கு வந்தால் மறுநாளே கிளம்பிவிடுவாய். மந்தாரக்குப்பத்தில் இறங்காமல் வடலூரிலேயே இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வருவாய். குமரேசன் வேலை பார்க்கும் வண்டி ஸ்டாண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரிலேயே இருப்பதுதான் காரணம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கேட்டவர்களிடமெல்லாம், பையன் பெரிய ஆளாகிவிட்டான், இந்தத் தூசியும் வெயிலும் ஒத்துக்கொள்ளவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டேன். உன்னைப் பற்றிக் குறை சொல்லிச் சொல்லியே என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

போனை வைத்ததும் உன் அம்மா ஈரக்கையோடு வந்து நின்றாள். "புள்ள இன்னா சொன்னான்?" என்றாள். குமரேசன் வேண்டாமாம் என்றேன். "வேணாம்னுதான் சொல்லுவான். நீங்க சொமக்க வேண்டியத அவன் தலையில ஏத்தி வுட்டுட்டு, இங்க பத்திரிகைக்கி மஞ்சள் தடவிகினு உக்காந்திருக்கீங்க. கல்யாணத்துக்குள்ள சொல்லிடுங்க. இல்லாட்டி மண்டபத்துல மைக்கு இருக்கும், நான் சொல்லிடுவேன்" என்றாள். முப்பத்துமூன்று வருடக் குடித்தனத்தில் அவள் என்னை மிரட்டியது இதுதான் முதல் தடவை. சொன்னால் செய்வாள்.

உன்னை அறைந்தது ஊரார் முன்னால். அதனால் இதையும் உனக்கு மட்டும் எழுதவில்லை. ஜெராக்ஸ் எடுத்து, தீவிலிருந்து போன மற்ற முப்பத்தொரு வீடுகளுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணுக்கும் ஒன்று தபாலில் போகும். கல்யாண நேரத்தில் இது எதற்கு என்று உனக்குத் தோன்றும். வெட்கம் என்னுடையது. நீ குறுக்கே வராதே.

அந்தப் பெண் நெய்வேலியைப் பார்த்ததில்லை. தீவு என்றதும் சுற்றிக் கடல் என்று நினைத்துவிடுவாள். அவளுக்காக நீ அறிந்ததையும் எழுதுகிறேன். கிழக்கே சுரங்கத்தின் வெட்டு. வடக்கே, வெட்டியெடுத்த மண்ணைக் கொட்டிக் கொட்டி எழும்பிய மேடு. மேற்கிலும் தெற்கிலும், சுரங்கத்தில் இறைத்த தண்ணீரைக் கொண்டுபோகும் வாய்க்கால். நடுவில் நம் முப்பத்திரண்டு வீடு. வாய்க்காலின் குறுக்கே இரண்டு பழைய குழாய்களைப் போட்டு, அதன்மேல் அறுந்துபோன கன்வேயர் பெல்ட்டை விரித்து நாமே கட்டிய பாலம் ஒன்றுதான் வழி. பஸ்ஸைப் பிடிக்க முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும். டவுன்ஷிப்பில் ஊர்ப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. "தீவு" என்றால் தெரியும். "ஓ, தீவுக்காரனா?" என்று ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. நிலம் வைத்திருந்தவர்கள் நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்து நிரந்தர வேலைக்குப் போனார்கள். அந்த நிலத்தில் நடவு நட்டவர்களிடம் கொடுக்க எதுவும் இல்லை. நாம் ஒப்பந்தக்காரரிடம் கூலிக்குப் போனோம். எனக்குப் பம்ப் ஹவுஸில் ஹெல்பர் வேலை.

எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. இருபது வயதுக்கு மேல், டவுன்ஷிப்பில் குழாய் பதிக்கும் வேலைக்குப் போனபோது, குவார்ட்டர்ஸ் வாசல்களில் தொங்கிய பெயர்ப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கற்றுக்கொண்டேன். வாசலில் விளையாடும் பிள்ளையிடம் "உங்க அப்பா பேரு இன்னாம்மா?" என்று கேட்பேன். அது சொல்லும். பிறகு பலகையைப் பார்ப்பேன். இந்த எழுத்து 'ரா', இந்த எழுத்து 'மு' என்று பிரித்துப் பிரித்து, ஒரு பிளாக் முழுக்கக் குழாய் பதித்து முடிப்பதற்குள் எனக்குத் தமிழ் படிக்க வந்துவிட்டது. அதில் எனக்கு இருந்த கர்வம் உனக்குத் தெரியும். தீவில் படிக்கத் தெரிந்த பெரியவன் நான் ஒருவன்தான். எல்லோரும் என்னை "வாத்தி" என்று பாதி கேலியாகவும் பாதி நிஜமாகவும் கூப்பிட்டார்கள்.

அந்தப் படிப்பினால் ஒரு வேலை எனக்கு வந்து சேர்ந்தது. பம்ப் ஹவுஸ் வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. மூன்றாவது பம்ப் ஓடப்போகிற நாளில் ஆப்பரேட்டர் அதில் சாக்பீஸால் நேரத்தை எழுதுவார். அது ஓடினால் கழுத்தளவுத் தண்ணீர் இரண்டு ஆள் உயரத்துக்கு ஏறி, மாட்டையே இழுத்துக்கொண்டு போகும். நான் ஷிஃப்ட் முடிந்து வரும்போது பலகையைப் படித்துவிட்டு வந்து, பாலத்தின் மேல் நின்று "இத்தனை மணிக்குத் தண்ணி!" என்று மூன்று தடவை கத்துவேன். பெண்கள் துணியை எடுத்துக்கொண்டு கரையேறுவார்கள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருவார்கள். இதற்குத் தீவில் "தண்ணி சொல்றது" என்று பெயர். யாரும் எனக்குக் கொடுத்த வேலை இல்லை. ஆனால் தண்ணீர் சொல்லாத வரைக்கும் வாய்க்காலில் பயம் இல்லை என்று முப்பத்திரண்டு வீடும் நம்பியிருந்தது.

இனி ஆட்டம். காணும் பொங்கல் அன்று டவுன்ஷிப் பிளாக் பையன்கள் பாலம் தாண்டி வந்து நம் பையன்களோடு கால்பந்து ஆடுவார்கள். நம்மிடம் பந்து கிடையாது. அவர்களே கொண்டுவருவார்கள். ஆடுகிற இடம் நம்முடையது, அதனால் ஒரு சட்டமும் நம்முடையது. பந்து வாய்க்காலில் விழுந்தால், எந்தப் பக்கத்துப் பையன் குதித்து எடுத்து வருகிறானோ அந்தப் பக்கத்துக்குத்தான் எறியும் உரிமை. பிளாக் பையன்களுக்கு நீச்சல் தெரியாது. நம் பையன்கள் வேண்டுமென்றே பந்தை வாய்க்காலுக்குத் தள்ளுவார்கள், குமரேசன் தலைகீழாகப் பாய்ந்து எடுத்து வருவான். அவனுக்குப் பதினான்கு வயது. தண்ணீரில் அவனைப் பிடிக்க ஆள் கிடையாது. ஆனால் அதே சட்டத்துக்கு ஒரு மறுபாதி உண்டு. தண்ணீர் சொல்லிவிட்டால் வாய்க்கால் பந்து கிடையாது. விழுந்த பந்து மிதந்துபோய்விடும், ஆட்டம் அத்தோடு நிற்கும். அந்த மறுபாதியை மனதில் வைத்துக்கொள்.

அன்று காலை ஷிஃப்ட் முடிந்து இரண்டு மணிக்கு வெளியே வந்தபோது பலகையில் எழுதியிருந்தது: மாலை நான்கு மணிக்கு மூன்றாவது பம்ப், வாய்க்காலில் யாரும் இறங்கக் கூடாது. தெளிவான கையெழுத்து. நான் வீட்டுக்கு வந்து, சாப்பிட உட்காரும்போது உன் அம்மாவிடம் சொன்னேன். "நாலு மணிக்குள்ள கரையில காயற துணிய எடுத்துடு, மூணாவது பம்பு ஓட்டறான்." அவள் எடுத்துவிட்டாள். எல்லோருக்கும் நான் சொல்வேன் என்று நினைத்துக்கொண்டாள். என்றைக்கும் அப்படித்தானே. நானும் சொல்லத்தான் பாலத்துக்குப் போனேன். அதற்குள் பிளாக் பையன்கள் வரிசையாகப் பாலத்தில் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு வெள்ளை கான்வாஸ் ஷூ போட்ட ஒரு பெரியவர், அவர்கள் தரப்பு நடுவர். முதல் பாதிக்கு அவர், இரண்டாம் பாதிக்கு நான். கத்துவதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். இப்போதே சொன்னால் வாய்க்கால் பந்து போய்விடும், அது இல்லாமல் இவர்களை ஜெயிக்க முடியாது. நாலு மணிக்கு முன்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கும், ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே வாய்ச்சண்டை தொடங்கிவிட்டது. "டேய் தீவு, உங்க கிரவுண்டுல பந்து உருள மாட்டேங்குதுடா, பள்ளத்துல போய் ஒளிஞ்சுக்குது" என்றான் அவர்களில் ஒருவன். குமரேசன் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "இன்னும் கொஞ்ச நேரத்துல வாய்க்கால்ல போய் ஒளிஞ்சிக்கும். துண்டு எடுத்துகினு வந்தியா? இல்ல, சளி புடிக்கும்னு உங்கம்மா சொல்லி அனுப்பிச்சாங்களா?" என்றான். கரையில் இருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் நான் சேரவில்லை. அந்த ஷூக்காரரிடம் வாய்க்கால் பந்துச் சட்டத்தை நான் விளக்கப்போய், அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "மிஸ்டர், உங்களுக்கு ரூல்ஸ் புக் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டிருந்தார். "நீங்க விசில ஒழுங்கா ஊதுங்க சார், படிக்கறத நான் பாத்துக்கறேன்" என்று பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி ஆட்டம் முழுக்க என்னை விடவில்லை.

இடைவேளையில் அவர்கள் இரண்டு, நாம் ஒன்று. இன்றைக்கும் சொல்கிறேன், அவர்களுடைய இரண்டாவது கோல் ஆஃப்சைடு. சாகும்வரை இதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். அந்தக் கோபம் நியாயமானதுதான். அந்த நியாயமான கோபத்தில்தான் நான் கெட்டேன். மூன்று ஐம்பதுக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு கோல் வரட்டும், சமன் ஆனதும் சொல்லிவிடலாம் என்றது மனசு. நாலு மணிக்குப் பார்த்தேன். பம்ப் ஹவுஸிலிருந்து தண்ணீர் நம்மிடம் வந்துசேரக் கால் மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். நாலு பத்துக்குப் பார்த்தேன். அப்போதுதான் நீ உதைத்தாய்.

மகனே, அது நல்ல உதை. கோல் கம்பத்துக்கு ஒரு சாண் மேலே போயிற்று, அவ்வளவுதான். பதினோரு வயதுப் பையன், வெறுங்காலில், அத்தனை தூரத்திலிருந்து. அன்று ஆடியவர்களில் யார் உதைத்திருந்தாலும் அது வாய்க்காலில்தான் விழுந்திருக்கும். குமரேசன் கரைக்கு ஓடினான். ஓடியவன் விளிம்பில் நின்று திரும்பி என்னைப் பார்த்தான். "மாமா, இன்னிக்கித் தண்ணி எதுனா சொன்னாங்களா?" என்று கேட்டான். நீ மைதானத்தின் அந்தக் கோடியில் தலையில் கை வைத்து நின்றாய், உனக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. "குதிடா, நேரம் போவுது" என்றேன்.

அவன் குதித்தான். பந்தையும் பிடித்துவிட்டான். அதன் பிறகுதான் தண்ணீரின் நிறம் மாறியது. சாம்பல் நிறத்தில், மேல்பக்கத்திலிருந்து ஒரு சுவர் நகர்ந்து வருவதுபோல வந்தது. அவன் பந்தை விடாமல் ஒரு கையால் நீந்தினான். விட்டிருந்தால் தப்பியிருப்பானோ என்னவோ. கீழே மதகில் இரும்புக் கம்பிகள் இருந்தன. அவனுடைய இடது கை அதில் மாட்டிக்கொண்டது. ஆறு பேர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவனை எடுத்தார்கள். நானும் இறங்கினேன். அதைச் சொல்லி எனக்கு எந்தப் பெருமையும் வேண்டாம்.

அவனை அனுப்பிவிட்டு நாம் கரையில் நின்றபோது யாரோ, "யாரு ஒதைச்ச பந்து?" என்று கேட்டார்கள். எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். அந்த நிமிடம் நான் செய்ததை முதலிலேயே எழுதிவிட்டேன். குமரேசனின் அம்மா பச்சையம்மாள் தலைவிரிகோலமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, இன்னிக்கித் தண்ணின்னு யாருமே சொல்லலியேண்ணே?" என்று கேட்டாள். "போர்டுல ஒண்ணும் எழுதலம்மா" என்றேன். அவள் அதை அப்படியே நம்பினாள். உன் அம்மா பத்தடி தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் சுரங்க அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்தார்கள். ஆப்பரேட்டர் தெற்கத்திக்காரர், நல்ல மனிதர். "நான் ரெண்டு மணிக்கு முன்னாடியே எழுதிட்டேங்க. இவரு தினமும் படிப்பாரு. நான் எழுதுனதுலயே பிழை சொல்லுவாருல்லா, கேளுங்க" என்றார். விசாரித்தவர் என் பக்கம் திரும்பி, "உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றால் வேலை போகும், போலீஸ் வரும், தீவில் முகம் காட்ட முடியாது. "தெரியாதுங்க. கைநாட்டு" என்றேன். சுற்றி நின்றவர்களில் ஐந்து பேர் தலையாட்டினார்கள். ஆப்பரேட்டர் பிறகு எழுதிவிட்டு வந்து சமாளிக்கிறார் என்று அவர்கள் நினைத்தார்கள், என்னைக் காப்பாற்றுவதாக நினைத்தார்கள். அந்த ஐந்து பேரில் குமரேசனின் அப்பாவும் ஒருவர். மகன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது, "எங்க தீவுல யாருக்கும் எழுத்து தெரியாதுங்கய்யா" என்று எனக்காகக் கையெடுத்துக் கும்பிட்டுப் பொய் சொன்னார். காகிதத்தை நீட்டினார்கள். என் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தேன். படிக்கத் தெரியாதவர்களிடம் வாயால் சொல்லாதது தப்பு என்று ஆப்பரேட்டரைக் கடிந்துகொண்டார்கள். ஒரு மாதத்தில் அவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். போகிற அன்று என்னைத் தாண்டித்தான் போனார். 

எனக்கு வேலை மிஞ்சியது. ஆனால் ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் கைநாட்டு என்று ஏறியது ஏறியதுதான். நாலு வருடம் கழித்து, எழுதப் படிக்கத் தெரிந்த ஹெல்பர்களை ஸ்டோருக்கு எடுத்தார்கள். நல்ல வேலை, நிழலில் உட்கார்ந்து செய்வது. என்னைவிடப் பின்னால் வந்தவர்கள் போனார்கள். என்னை ஏமாற்றிவிட்டார்கள், தீவுக்காரன் என்பதால் ஒதுக்கிவிட்டார்கள் என்று உன் மீதிப் பள்ளிக்காலம் முழுக்க நான் வீட்டில் கத்தியதை நீ கேட்டு வளர்ந்தாய். என்னை ஒதுக்கியது என் கட்டைவிரல்தான். இதையும் உன்னிடம் இன்றுதான் சொல்கிறேன்.

நீ அதன் பிறகு பந்தைத் தொடவில்லை. பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் ஆள் விட்டுக் கூப்பிட்டார். "அவனுக்கு இப்ப படிப்புலதாங்க ஆர்வம்" என்று நான் சொல்லி அனுப்பினேன். சில வருடத்தில் தீவையும் காலி செய்தார்கள். வீடுகள் மந்தாரக்குப்பத்துக்கும் வடலூருக்கும் சிதறின. அந்த இடம் இப்போது சுரங்கத்துக்குள் இருக்கிறது, போய்ப் பார்க்க வழி இல்லை. எல்லாம் மண்ணோடு போயிற்று என்றுதான் நானும் இருந்தேன். பந்து மட்டும் உன்னிடம் இன்னும் இருக்கிறது என்று போன ஞாயிறன்று தெரிந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை நான் வண்டி ஸ்டாண்டுக்குப் போனேன். முதலில் குமரேசனிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். டோக்கன் கட்டை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வலது கையால் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும், "வாங்க மாமா. வண்டியே இல்லாம வண்டி ஸ்டாண்டுக்கு வந்திருக்கீங்க?" என்றான். சும்மாதான் என்றேன். "சும்மா வர்ற ஆளா நீங்க? மாப்ளைக்கிக் கல்யாணமாமே. ஊர்ல எல்லாரும் பத்திரிகையக் காட்டிட்டாங்க. எனக்கு மட்டும் தனியா தங்கத்துல அடிக்கறீங்களா?" என்று சிரித்தான். "வரும்டா" என்றேன். ஒரு வண்டிக்காரருக்கு டோக்கன் கொடுத்து அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினான். இப்போது சிரிப்பு இல்லை.

"செந்திலு எம்மேல கோவமா இருக்கானா மாமா? இருந்தா நியாயந்தான். ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தக் கெடுத்தேன். சின்னப் பையன், அவனுக்கு அடியும் வாங்கி வச்சேன். எங்கப்பா சாவற வரைக்கும் சொல்லிகினே இருந்தாரு, 'மாமா அங்கயேதான்டா நின்னாரு, ஒரு வார்த்த கேட்டியா நீ?'ன்னு. கேட்டிருந்தா நீங்க எதுனா யோசிச்சி நிறுத்தியிருப்பீங்க. நான்தான் கேக்காம குதிச்சிட்டேன். என் புத்தி."

அவன் கேட்டான், செந்தில். விளிம்பில் நின்று, திரும்பி, என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். பத்தொன்பது வருடமாக எல்லோரும் சொல்லிச் சொல்லி, கேட்டது அவனுக்கே மறந்துவிட்டது. கையை எடுத்தது மட்டுமல்ல, அவன் ஞாபகத்தையும் நான் எடுத்துக்கொண்டேன். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரு பஸ் வந்து நின்றது, ஆட்கள் வண்டி எடுக்க நெருக்கினார்கள். "டீ சாப்ட்டியாடா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். எழுபதை நெருங்குகிற வயதில் இப்படி ஒரு கோழையாக நான் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. வாயால் முடியாததால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பன் புத்தி சொல்வது வழக்கம். என்னிடம் இருப்பது ஒன்றுதான். ஊருக்குச் சொல்ல வேண்டியதை வீட்டில் மட்டும் சொல்லாதே. நான் உன் அம்மாவிடம் துணியை எடுக்கச் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தால் அவளை என் பொய்க்குக் காவல் வைத்தேன். அன்று தீவில் காய்ந்த துணியோடு இருந்தவள் அவள் ஒருத்திதான். அதன் பிறகு அவள் பச்சையம்மாள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. பச்சையம்மாள் அதைத் திமிர் என்று நினைத்திருக்கிறாள். உன் மனைவியை எந்தக் காலத்திலும் அப்படி ஒரு இடத்தில் நிறுத்திவிடாதே. உனக்குப் பிள்ளை பிறந்து, பத்துப் பேர் முன்னால் அதை அடிக்க உன் கை ஓங்கினால், யாருடைய தப்புக்காக ஓங்குகிறாய் என்று முதலில் பார்.

இனி நடக்க வேண்டியவை.

நான் வரும் வெள்ளிக்கிழமை காலை குமரேசன் வீட்டுக்குப் போவேன். அவனும் பச்சையம்மாளும் இருக்கும்போது இதை முதல் வரியிலிருந்து நானே வாசிப்பேன். அவர்கள் வாசித்துக்கொள்ளட்டும் என்று வைத்துவிட்டு வர மாட்டேன். அதன் பிறகுதான் மற்ற முப்பது வீடுகள். உன் அம்மா என்னோடு வருவாள், அவளுக்குத் தெரிந்ததை அவளே சொல்வாள். அது அவளுடைய முடிவு, நான் கேட்கவில்லை.

ஆப்பரேட்டர் ஓய்வு பெற்றுத் தெற்கே போய்விட்டார் என்கிறார்கள். அவர் விலாசத்தைக் கண்டுபிடிக்க வேண்டியது என் வேலை. அவரோடு வேலை செய்தவர்கள் இரண்டு பேர் இன்னும் டவுன்ஷிப்பில் இருக்கிறார்கள், அவர்கள் வாசலில் போய் நிற்பேன். அவர் எழுதியிருந்தார், நான் படித்தேன் என்று என் கைப்பட எழுதி அனுப்புவேன்.

அன்று தலையாட்டிய ஐந்து பேரில் மூன்று பேர் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் எனக்காகச் சொன்னது பொய் என்று தங்கள் பிள்ளைகள் முன்னால் சொல்ல வேண்டும். மறுத்தால் நான் திரும்பத் திரும்பப் போவேன்.

நீ பட்டியலைத் திருத்த வேண்டும். குமரேசனுக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பக் கூடாது, என்னிடமும் கொடுத்து அனுப்பக் கூடாது. மந்தாரக்குப்பத்தில் இறங்கி, எதிரே நடந்து போய், நீயே கொடுக்க வேண்டும். மன்னிப்பு மட்டும் கேட்காதே. கேட்க உன்னிடம் எதுவும் இல்லை. நீ வருவதற்குள் நான் சொல்லி முடித்திருப்பேன். என்னைக் கல்யாணத்தில் எங்கே நிறுத்துவது, நிறுத்துவதா வேண்டாமா என்பதை நீயும் அந்தப் பெண்ணும் பேசி முடிவு செய்யுங்கள். நான் அதில் பேச மாட்டேன்.

பச்சையம்மாள் என்னை என்ன வேண்டுமானாலும் செய்யலாம்.

குமரேசன் கல்யாணத்துக்கு வர வேண்டியதில்லை. என்னை மன்னிக்க வேண்டியதில்லை. நான் வாசித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை, எழுந்து போகலாம். போவதற்கு முன்னால் ஒரு வரியை மட்டும் அவன் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்: அவன் என்னைக் கேட்டுவிட்டுத்தான் குதித்தான்.

அப்பா